மனதுக்குள் ஓடும் ஒரு வரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடலூருக்கும் கம்பத்துக்கும் நடுவே, குமுளி மலை ஏறும் சாலையின் அடிவாரத்தில் மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். விடியும் முன்னே ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகவோ கம்பமெட்டு வழியாகவோ கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும்போது திரும்பும் பெண்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். மலைமேலே லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் வருவதுண்டு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

நடந்ததால்தானே கோபமும் பயமும் வருகின்றன? நினைப்புக்கு இதில் என்ன வேலை?

ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். பத்தொன்பது வயது. ஏலக்காய் எடுக்கப் போக ஆரம்பித்து நான்காவது நாள். காலையில் தோட்டத்தில் இறங்கியதும் மேற்பார்வை பார்க்கும் மலையாளத்துச் சேச்சியைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். சேச்சி சிரிக்கவில்லை. தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பனி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று மலை முழுக்க மூடுபனி. இவள் அதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

அங்கிருந்து மனம் ஓட ஆரம்பித்தது. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பனியைக் காட்டிப் பேச்சை மாற்றுகிறார். நேற்று என் காய் எடை குறைந்துபோனது அவருக்குத் தெரியும். நாளைக்கு ஜீப்பில் வராதே என்று சொல்லப்போகிறார். அம்மாவிடம் என்ன சொல்வேன்? மதியம் தூக்குவாளியைத் திறந்தவள் இரண்டு கவளத்துக்கு மேல் இறங்காமல் மூடி வைத்துவிட்டாள். வயிறு பிசைந்தது. செடியின் தூரடியில் குனிந்திருந்தாலும் கண் சேச்சி போகும் திசையிலேயே இருந்ததால், முற்றாத இளங்காயையும் சேர்த்துப் பறித்துப் போட்டாள். அதற்குத் திட்டு வாங்கினாள். "பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான்" என்று மனம் சொல்லியது.

மாலையில் ஜீப் குமுளி மலையில் இறங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த அக்காவிடம் அழுதபடி சொல்லியிருக்கிறாள். அந்த அக்கா அவள் தோளைத் தட்டி, "அடி, மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். பாவம், அந்த அம்மாவுக்குக் காலையிலிருந்தே உடம்பு அனலாய்க் கொதித்தது" என்றார். இரைச்சல் பாலத்தைத் தாண்டும் முன்பே வயிற்று வலி போய்விட்டது என்று என்னிடம் சொன்னாள். ஊர் வந்து சேர்வதற்குள் மதியச் சோற்றை ஜீப்பிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டாள்.

காலையில் நடந்தது மாலையில் மாறவில்லை. காய்ச்சல்காரர் ஒருவர் ஒரு சொல் சொன்னார், அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கு இவள் மனதுக்குள் எழுதிக்கொண்ட உரைதான் வயிற்றைப் பிசைந்தது, கையைத் தடுமாற வைத்தது, திட்டு வாங்கித் தந்தது. உரை மாறியதும் பசி வந்தது. நடப்புக்கும் உணர்ச்சிக்கும் நடுவில் இப்படி ஒரு வரி ஓடுகிறது. அது கண் இமைக்கும் நேரத்தில் ஓடி மறைவதால், நடந்ததே நேராக நம்மை வருத்திவிட்டது என்று நம்பிவிடுகிறோம்.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று நம் பாட்டிமார் சொல்லியிருக்கிறார்கள். ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன்பு, அடிமையாகப் பிறந்து தத்துவ ஆசிரியராக உயர்ந்த எபிக்டெட்டஸ், மனிதரைக் கலங்க வைப்பது நிகழ்ச்சிகள் அல்ல, அவற்றைப் பற்றி அவர்கள் கொள்ளும் எண்ணங்களே என்று கற்பித்தார். அதை ஒரு சிகிச்சை முறையாக வளர்த்தவர்கள் இரண்டு அமெரிக்கர்கள். ஆல்பர்ட் எல்லிஸ் 1955 வாக்கில் தொடங்கினார். நிகழ்ச்சி, அதைப் பற்றிய நம்பிக்கை, அதனால் வரும் விளைவு என்று மூன்றாகப் பிரித்துக் காட்டியவர் அவர். பிலடெல்பியாவில் மருத்துவராக இருந்த ஆரோன் பெக், 1960களில் மனச்சோர்வு நோயாளிகளைக் கவனித்து வந்தார். அவர்கள் வாய்விட்டுச் சொல்லும் பேச்சுக்கு அடியில் இன்னொரு ஓட்டம் இருப்பதைக் கண்டார். "நான் எதற்கும் லாயக்கில்லை", "இவருக்கு என்னைக் கண்டாலே சலிப்பு" என்பது போன்ற குறுகிய வரிகள், அழைக்காமலே வந்து போயின. அவற்றுக்குத் தானியங்கி எண்ணங்கள் என்று பெயர் வைத்தார். 100 வயது வாழ்ந்து 2021இல் மறைந்தார். இன்று மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் உலகெங்கும் தரப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இவர்கள் போட்ட பாதையில் வந்தது.

ஒரே செய்தி, ஒரே குடும்பம். ஒருவருக்கு மகிழ்ச்சி, இன்னொருவருக்கு நடுக்கம். அது எப்படி?

முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் ஏறும்போதெல்லாம் இதை எங்கள் ஊரில் பார்க்கிறேன். 1895இல் கட்டி முடித்த அணை. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பி இருக்கிறது. இங்கே அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் படத்தைச் சாமி படத்தோடு மாட்டி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. 2014 மே மாதம் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது இந்தப் பக்கம் வெடி வெடித்தார்கள். அணைக்குக் கீழே, வள்ளக்கடவு, வண்டிப்பெரியாறு, உப்புத்தறை பக்கம் ஆற்றோரம் குடியிருப்பவர்களுக்கோ அதே எண் தூக்கத்தைக் கெடுத்தது. அவர்களில் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களும் ஏராளம்.

கூடலூரில் நெல் போடும் ஓர் அண்ணனையும் வண்டிப்பெரியாற்றில் வாக்கப்பட்ட அவருடைய தங்கையையும் எனக்குத் தெரியும். ஒரு மழைக்காலத்தில் அண்ணன் போன் செய்து, "அணை ஏறிவிட்டது தாயி, இந்த வருடம் இரண்டு போகமும் உறுதி" என்றார். தங்கை, "நான் துணிமணியை மூட்டை கட்டி வைத்துவிட்டேன்" என்றார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீயும் அவர்களோடு சேர்ந்துகொண்டு அணை உடையும் என்கிறாயா?" என்று கேட்டார். தங்கை போனை வைத்துவிட்டார். பத்து நாள் பேச்சு இல்லை.

அண்ணன் என்னிடம் வந்தபோது அணையின் பலத்தைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை. அது என் வேலையும் இல்லை. தங்கைக்கு ராத்திரியில் என்ன நினைப்பு ஓடுகிறது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். கேட்டார். தங்கை சொன்ன பதில்: "ஆற்றுச் சத்தம் மாறினால் இரண்டு பிள்ளைகளில் யாரை முதலில் தூக்குவேன் என்று நினைத்துக்கொண்டே படுத்திருக்கிறேன், அண்ணா." மதகு திறந்து ஆற்றோரத்து வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அண்ணன் மனதில் ஓடிய வரியில் நெல் இருந்தது, தங்கை மனதில் ஓடிய வரியில் பிள்ளைகள் இருந்தார்கள். அன்றைக்குப் பிறகு மழை வலுத்தால் அண்ணன்தான் முதலில் போன் செய்கிறார்.

அடுத்தவர் உணர்ச்சி நமக்கு அர்த்தமில்லாததாகத் தோன்றும்போது, அதற்கு அடியில் ஓடும் வரி நமக்கு இன்னும் தெரியவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். வாதம் செய்வதற்கு முன்னால் அதைக் கேட்டு அறிவது நல்லது.

அப்படியானால் நான் படும் கஷ்டத்துக்கெல்லாம் என் நினைப்புதான் காரணமா? என் தப்பா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பாதிப் பேர், யாரோ தங்களிடம் "எல்லாம் உன் மனதில்தான் இருக்கிறது" என்று சொன்ன காயத்தோடு வருகிறார்கள். கூலியைக் குறைத்துவிட்டு, குடித்துவிட்டு வந்து அடித்துவிட்டு, "நீ நினைப்பை மாற்றிக்கொள்" என்று சொல்வது அநியாயம். அதற்கு உளவியலைத் துணைக்கு அழைப்பது இன்னும் பெரிய அநியாயம்.

2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். 20 சதவீதமாக இருந்த போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததுதான் காரணம். எந்தக் கட்சித் தொழிற்சங்கத்தையும் முன்னால் நிற்க விடாமல், "பெண்கள் ஒற்றுமை" என்ற பெயரில் தாங்களே நின்று பேச்சுவார்த்தையில் வென்றார்கள். அவர்கள் கோபத்துக்கு அடியிலும் ஒரு வரி ஓடியது: "எங்களுக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள்." சரிபார்த்தால் உண்மை. உண்மையான வரியிலிருந்து வரும் கோபத்தை அடக்கச் சொல்லி நான் யாரிடமும் சொல்வதில்லை. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்றுதான் உட்கார்ந்து யோசிக்கிறோம்.

ஆகவே வரியைப் பிடித்துப் பார்ப்பது, அது பொய் என்று நிரூபிப்பதற்காக மட்டும் இல்லை. சில நேரம் முழுக்க உண்மையாக இருக்கும். பல நேரம் பாதி உண்மை, பாதி நாம் சேர்த்தது.

அந்த வரியை எப்படிப் பிடிப்பது? கோபம் வந்தபிறகுதான் எனக்கே தெரிகிறது.

அப்படித்தான் எல்லோருக்கும். முதலில் தெரிவது உடம்பு. தாடை இறுகும், காது சூடாகும், வயிறு பிசையும். அதைக் கண்டதும், "இப்போது என் மனதில் என்ன ஓடியது?" என்று கேளுங்கள். உடனே கிடைக்காவிட்டால் ராத்திரி படுக்கும் முன் கேளுங்கள். தாமதமாகப் பிடித்தாலும் பயன் உண்டு.

ஒரு தாய் செய்ததைக் காட்டுகிறேன். மகன் எர்ணாகுளத்தில் வேலை செய்கிறான். இரவு ஒன்பது மணிக்கு மூன்று முறை போன் செய்தும் எடுக்கவில்லை. அந்த அம்மா தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினார். முதலில், நடந்தது: "மூன்று முறை மணி அடித்தது. எடுக்கவில்லை." அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் கூடாது என்று சொல்லியிருந்தேன். அடுத்து, ஓடிய வரி: "பைக்கில் விழுந்துவிட்டான். அல்லது அந்தப் பெண் பேச்சைக் கேட்டு என்னை ஒதுக்குகிறான்." கீழே, இதற்கு என்ன சாட்சி என்று எழுத உட்கார்ந்தவர், வெகு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தாராம். கடைசியில் எழுதியது: "சாட்சி இல்லை. போன வாரமும் எடுக்கவில்லை. அன்று இரவு ஷிப்ட்."

பயம் முழுதாகப் போகவில்லை. ஆனால் பதினோரு மணிக்கு மகன் திருப்பி அழைத்தபோது, "செத்தேனா இருக்கிறேனா என்று பார்க்கக்கூட உனக்கு நேரமில்லை" என்று ஆரம்பிக்காமல், "சாப்பிட்டாயா?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு இதுதான் முக்கியம். உணர்ச்சி கொஞ்சம் தணிந்தால் வாயிலிருந்து வரும் முதல் சொல் மாறுகிறது. அந்த வீட்டில் அடுத்த ஒரு வாரம் எப்படிப் போகும் என்பது பெரும்பாலும் அந்த முதல் சொல்லில் இருக்கிறது.

எழுதத் தெரியாதவர்கள் சொல்லிப் பார்க்கலாம். ஜீப்பில் பக்கத்தில் உட்காரும் தோழியைவிட நல்ல நோட்டுப்புத்தகம் இல்லை. அந்த மலையாளச் சொல்லுக்கு அர்த்தம் சொன்னது யார் என்று நினைத்துப் பாருங்கள்.

கெட்ட நினைப்பை நினைக்காமலே இருந்துவிட்டால் போயிற்றே?

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற கதை உங்களுக்குத் தெரியும். 1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் அதையே சோதித்துப் பார்த்தார். அவர் சொன்னது குரங்கு இல்லை, வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் கரடியை நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதோடு நிற்கவில்லை. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. விரட்டினால் கூடுதலாக வரும். வந்த நினைப்பை, "இதோ வந்துவிட்டது" என்று பெயர் சொல்லிப் பார்ப்பது அதைவிட லேசானது.

எப்போதும் நல்லதையே நினைக்க வேண்டுமா?

வேண்டாம். கடன்காரர் வாசலில் நிற்கும்போது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டால் மனமே நம்பாது. சரியாக நினைக்கப் பாருங்கள், அது போதும்.

திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, செத்துவிடுவேன் போல இருக்கிறது. அதுவும் நினைப்பா?

முதலில் மருத்துவரிடம் போய் இசிஜி எடுத்துப் பாருங்கள். இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதியானபிறகு மேலே படியுங்கள்.

1986இல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ஒரு விளக்கம் தந்தார். உடம்பில் சாதாரணமாக ஏதோ ஒன்று நடக்கிறது. கடுங்காப்பி குடித்ததால், வெறும் வயிற்றோடு மேடேறியதால் நெஞ்சு வேகமாக அடிக்கிறது. "இது மாரடைப்பு" என்று மனம் படிக்கிறது. அந்த வரி பயத்தைக் கிளப்புகிறது. பயம் நெஞ்சை இன்னும் வேகமாக அடிக்க வைக்கிறது. "பார், கூடுகிறது" என்று மனம் உறுதி செய்துகொள்கிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி ஏறி, சில நிமிடங்களில் உச்சிக்குப் போய், பிறகு தானாக இறங்குகிறது.

தோட்ட வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது ஜீப்பில்தான் அதிகம் வருகிறது. பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்த வண்டி, கொண்டை ஊசி வளைவு, காலையில் குடித்த ஒரு டம்ளர் தேநீர். ஒரு முறை வந்துவிட்டால் மறுநாள் ஜீப்பைப் பார்த்தாலே வரும். வேலையையே விட்டவர்கள் இருக்கிறார்கள். "இது படபடப்பு, முன்பும் வந்தது, இறங்கிப் போனது" என்று சொல்லிக்கொண்டு, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, ஜீப்பிலிருந்து இறங்காமல் ஓர் அலை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டால், அடுத்த அலைக்குப் பலம் குறைவு. தனியாகச் செய்ய முடியாவிட்டால் ஆலோசகர் துணையோடு செய்யலாம். நன்றாகக் குணமாகும் நோய் இது.

மழை வலுத்தாலே எனக்கு உடம்பு நடுங்குகிறது. பெட்டிமுடிக்குப் பிறகுதான் இப்படி. இதற்கும் நினைப்பை மாற்ற வேண்டுமா?

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் போனார்கள். உறவைப் பறிகொடுத்தவர்களிடமோ, அந்த மண்ணில் கைகளால் தோண்டித் தேடியவர்களிடமோ காலண்டர் தாளைக் கொடுத்துச் சாட்சி எழுதச் சொல்ல எனக்கு மனம் வராது. ஓட்டின் மேல் மழை விழும் சத்தம் கேட்டதும், எந்த வரியும் ஓடுவதற்கு முன்பே உடம்பு எழுந்து நிற்கிறது. மூளையில் ஆபத்தை உணரும் பகுதி, யோசிக்கும் பகுதிக்குச் செய்தி முழுதாகப் போய்ச் சேரும் முன்பே உடம்பை உசுப்பிவிடும். உயிர் பிழைப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது.

இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான கூரை. மழை நாளில் சரிவுக்குக் கீழே படுத்திருப்பவரின் பயம் அவருக்குச் சரியான அறிவுரையைத்தான் சொல்கிறது. அவரை வேறு இடத்தில் படுக்க வையுங்கள். பாதுகாப்பான இடத்துக்கு வந்து மாதங்கள் ஆனபிறகும் நடுக்கம் தொடர்ந்தால், அதிர்ச்சிக்கான சிகிச்சை தெரிந்தவரிடம் அழைத்துப் போங்கள். அதில் நினைப்பைப் பற்றியும் பேசுவார்கள், ஆனால் மெதுவாக, அவர் தயாரான பிறகு.

என் மகன் மலையாளப் பள்ளியில் படிக்கிறான். "பாண்டி" என்று கூப்பிடுகிறார்கள் என்று அழுகிறான். என்ன சொல்லித் தேற்றுவது?

தேற்றுவதற்கு முன் ஒன்று: தமிழரைக் குறித்துச் சொல்லும் அந்தச் சொல் கேலிதான், வலிக்கத்தான் செய்யும். "அதையெல்லாம் கண்டுகொள்ளாதே" என்று சொன்னால், தன் வலி வீட்டிலும் செல்லாது என்று பிள்ளை புரிந்துகொள்ளும். ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள். அது பெற்றோரின் வேலை.

அதன்பிறகு அவன் மனதில் என்ன வரி ஓடுகிறது என்று கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு பையன், "எல்லோருக்கும் என்னைப் பிடிக்கவில்லை" என்றான். எல்லோருமா என்று கேட்டு, வகுப்பில் உள்ளவர்களை விரல் விட்டு எண்ணச் சொன்னேன். அப்படிக் கூப்பிட்டவர்கள் மூன்று பேர். மதியம் தன் மீன் குழம்பில் பங்கு கொடுப்பவன் ஒருவன். பெஞ்சில் இடம் பிடித்து வைப்பவன் ஒருவன். மீதிப் பேருக்கு இவனைப் பற்றி எந்த நினைப்பும் இல்லை. மூன்று பேர் செய்வது தப்பு என்பது அப்படியே இருந்தது. "எல்லோரும்" என்பது மட்டும் போய்விட்டது. மறுநாள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை.

எப்போது இதெல்லாம் போதாது, மருத்துவரிடம் போக வேண்டும்?

தூக்கமோ பசியோ இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் வேலைக்குப் போக முடியாவிட்டால், போய்விடுங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, அந்த நேரமே யாரிடமாவது சொல்லுங்கள். பூச்சிமருந்து இருக்கும் வீடு என்றால் அதை முதலில் வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடச் சொல்லுங்கள். தோட்ட ஊர்களில் இது மிக முக்கியம்.

14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். நேரில் பார்க்க, தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால், ஜீப்பில் பக்கத்தில் உட்காருகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு நாள் கூலி போகும். கூட வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மாற்று ஆளை அவர் பார்த்து வைத்துக்கொள்வார்.